ஓட்டத்தை விட்டவரின் நாடி

எங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக யார் வந்தாலும், தற்காலிக ஆசிரியரோ, கல்வி இலாகா அதிகாரியோ, தலைமை ஆசிரியர் அவரைத் தேநீர் மேசைக்கு அழைத்துவந்து, மூலையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கும் ஒரு மனிதரின் மணிக்கட்டைப் பிடிக்கச் சொல்வார். சுவர் மணிக்கூட்டைப் பார்த்து ஒரு நிமிடம் நாடியை எண்ண வேண்டும். எண்ணி முடித்தவர் கண்ணை அகல விரித்து, "முப்பத்தாறா?" என்பார். அறை முழுவதும் கைதட்டும். அந்த இதயத்தைத் தானே இருந்து செய்தவர் போலத் தலைமை ஆசிரியர் சிரிப்பார். மணிக்கட்டுக்குச் சொந்தக்காரரோ சிவப்புப் பேனையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு திருத்திக்கொண்டே இருப்பார்.

அவர் கனடாக்காரர். பள்ளிக்கூடத்தில் இரசாயனம் கற்பித்தார். ஐம்பதுகளில் கனடாவுக்காக நடுத்தூர ஓட்டம் ஓடியவர். இதே மெல்பேர்ன் நகரத்தில் நடந்த ஒரு பெரிய போட்டியில் இறுதிச் சுற்று வரை வந்து நாலாவதாக முடித்தவர். ஓடிப் பழகிய இதயம் எழுபதுக்குப் பதில் நாற்பதுதான் அடிக்கும் என்பார்கள், அதற்குத்தான் அந்தக் கைதட்டு. அன்றைக்கு எங்கள் தலைமை ஆசிரியர் இளைஞராகப் பார்வையாளர் வரிசையில் இருந்தாராம். அந்த ஓட்டத்தின் படமொன்றைச் சட்டம் போட்டு ஆசிரியர் அறையில் மாட்டியும் வைத்திருந்தார். வென்ற அவுஸ்திரேலியரின் தோளுக்குப் பின்னால் பாதி முகமும் ஒரு முழங்காலுமாகக் கனடாக்காரர் தெரிவார். எனக்கு விளையாட்டு என்றாலே கொட்டாவி வரும். ஆனால் தேநீர் ஊற்றும் இடத்துக்கு நேர்மேலே மாட்டியிருந்தபடியால் தினமும் அந்த முழங்காலைப் பார்க்க வேண்டியிருந்தது.

நான் யாழ்ப்பாணத்துப் பெண். உயிரியல் ஆசிரியை. எழுபதுகளின் தொடக்கத்தில் அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஆசிரியர் தட்டுப்பாடு. எங்கிருந்தெல்லாமோ ஆட்களை வரவழைத்தார்கள். அவர் கனடாவிலிருந்தும் நான் கொழும்பிலிருந்தும் ஒரே வருடத்தில் அந்த மேற்குப் புறநகர்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தோம். என்னைக் கண்டால் எல்லாரும் தேயிலையையும் யானையையும் பற்றிக் கேட்பார்கள். நான் தேயிலைத் தோட்டத்தைக் கண்ணால் கண்டதே இரண்டொரு தரம்தான். யானையைக் கோயில் திருவிழாவில் பார்த்ததோடு சரி. ஆசிரியர் விருந்து என்றால், மற்றவர்கள் எதையாவது கொண்டுவரலாம், நான் கறிதான் கொண்டுவர வேண்டும். ஒருமுறை வேண்டுமென்றே கடையில் வாங்கிய கேக்கைக் கொண்டுபோய் வைத்தேன். எல்லாரும் முகத்தைத் தொங்கப் போட்டார்கள். கனடாக்காரர் மட்டும் ஒரு பெரிய துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அன்றுதான் நாங்கள் சிநேகிதர்களானோம்.

எனக்குக் கார் ஓடத் தெரியாது. அவர் வீடு எங்கள் குடியிருப்புக்கு இரண்டு தெரு தள்ளி. அதனால் அவருடைய பழைய ஸ்டேஷன் வேகனில்தான் காலையும் மாலையும் போய்வந்தேன். இன்றைக்குத் தமிழர் வீடுகள் வரிசையாக நிற்கும் பொயிண்ட் குக் பக்கம் அப்போது வெறும் புல்வெளி. கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஆடும் வேலியும்தான். காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளும். நாங்கள் பேசியது இங்கிலீஷில்தான். ஆனால் இத்தனை வருடம் கழித்து அவர் பேச்சு எனக்கு எங்கள் ஊர்த் தமிழில்தான் நினைவுக்கு வருகிறது.

ஓட்டத்தை விட்டபிறகு இரசாயனம் படித்து, வடக்கு ஒன்டாரியோவில் ஒரு நிக்கல் சுரங்கத்தின் ஆய்வுகூடத்தில் பல வருடம் வேலை செய்திருக்கிறார். உலோகம் என்றால் உயிர். செப்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றி வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தொங்கவிட்டு, பிள்ளைகளைச் சுற்றி நிற்க வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசமாட்டார். கம்பியில் வெள்ளி பூத்து வருவதைத் தொழிற்சாலைத் தொழிலாளரின் பிள்ளைகள், கிரேக்கரும் மால்டாக்காரரும், வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். பிறகுதான் கரும்பலகைக்குப் போவார். சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு ஆசிரியரை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

"நான் ஓடினது நாலு வருஷம்" என்று ஒருநாள் சொன்னார். "சுரங்கத்திலையும் பள்ளிக்கூடத்திலையும் வேலை செய்தது அதைப்போல எத்தனை மடங்கு. ஒருத்தராவது அதைக் கேக்கினமே?"

"அப்ப ஏன் வாறவை போறவைக்கெல்லாம் கையை நீட்டிக் குடுக்கிறியள்?"

"குடுக்காட்டில் கதைச்சே கொல்லுவாங்கள். குடுத்தால் ஒரு நிமிஷத்திலை விட்டிடுவாங்கள்."

எங்கள் நான்காம் வருடத்தில் அவருக்கு நல்ல வயிறு வைத்துவிட்டது. ஓட்டத்தை விட்டுப் பதினைந்து வருடத்துக்கு மேல். இரசாயனக் கூடம் மாடியில். படியின் நடுவில் நின்று, சுவரில் ஒட்டிய அறிவித்தலை வாசிப்பது போல மூச்சு வாங்குவார். பள்ளிக்கூடம் முழுவதும் அந்தப் படியால்தான் ஏறி இறங்கியது. அவர் நிற்பதைக் காணாதவர் கிடையாது.

அந்த வருடம் என் வகுப்பில் நாடித் துடிப்புப் பாடம் வந்தது. பிள்ளைகள் ஒரு நீள மர வாங்கில் ஏறி இறங்கி, முன்னும் பின்னும் தங்கள் நாடியை எண்ணிப் பார்ப்பது வழக்கம். தலைமை ஆசிரியருக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. இரசாயன மாஸ்டரையும் கூப்பிடு, இதைவிட நல்ல உபகரணம் உனக்கு எங்கே கிடைக்கும் என்றார். அவரும் வந்தார். பிள்ளைகளோடு சேர்ந்து ஏறி இறங்கினார். பிள்ளைகளின் நாடியெல்லாம் ஓட்டமாய் ஓட, அவருடையது அசையவில்லை. ஏறுமுன் எவ்வளவோ, இறங்கிய பின்னும் அவ்வளவுதான். வகுப்பு மேசையில் தட்டி ஆரவாரித்தது. ஒருவன் விசிலடித்தான். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். சாம்பல் பூசியது போல இருந்தது. வாங்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். மேலுதட்டில் வேர்வை.

நான் டொக்டர் இல்லை. ஆனால் அரை மணி நேரத்துக்கு முன்புதான் வகுப்புக் கரும்பலகையில், உடம்பு வேலை செய்தால் இதயம் விரைந்து அடிக்கும் என்று என் கையால் எழுதியிருந்தேன்.

அன்று மாலை காரில் கேட்டேன். "நீங்கள் ஓடிற காலத்திலை, ஓட்டம் முடிஞ்ச உடனை நாடி எவ்வளவு இருந்தது?"

"நூற்றெண்பதுக்குக் கிட்ட."

"இண்டைக்கு?"

ரயில் கடவையில் கேற் போட்டிருந்தது. சரக்கு ரயில் முழுவதும் போய் முடியும் வரை அவர் ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார்.

"அது பழகின இயந்திரம்" என்றார் கடைசியில். ஆனால் குரலில் வழக்கமான சிரிப்பு இல்லை.

"விட்டுப் பதினைஞ்சு வருஷம். இன்னுமா பழக்கம்? டொக்டரிட்டைப் போங்கோ."

போனார். அதைச் சொல்லத்தான் வேண்டும், மனிதர் பிடிவாதக்காரர் இல்லை. ஆனால் போன இடம் சரியில்லை. அந்த டொக்டர் தலைமை ஆசிரியரின் கூட்டாளி, ஒரு ஓட்டக் கழகத்துக்குக் கௌரவ வைத்தியர். இவரைக் கண்டதும் கதிரையிலிருந்து எழுந்து கை கொடுத்தாராம். நாடியைப் பிடித்தார், நெஞ்சில் குழாயை வைத்தார், பிறகு அரை மணி நேரம் அந்தப் பழைய ஓட்டத்தின் கடைசி வளைவைப் பற்றிப் பேசினாராம். ஓட்டக்காரனின் இதயம், கண்காட்சியில் வைக்கலாம் என்று முதுகில் தட்டி அனுப்பியிருக்கிறார்.

"கார்டியோகிராம் எடுத்தவரோ?"

"தேவையில்லை எண்டிட்டார்."

"படியிலை மூச்சு வாங்குறதைச் சொன்னியளோ?"

"சொன்னனான். வயிற்றைக் குறைக்கச் சொன்னவர்."

வீட்டில் இதைச் சொல்லிப் பொருமினேன். என் கணவர் ரயில்வேயில் படவரைஞர். வந்த நாட்டில் யாருடைய வாயிலும் விழக் கூடாது என்பது அவருடைய ஒரே கொள்கை. "நீ என்ன டொக்டரே? அவருக்குத் தெரியாததோ உனக்குத் தெரியப் போகுது? பேசாமல் உன்ரை வேலையைப் பார்" என்று பத்திரிகைக்குள் தலையை விட்டுக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் குசினிக்குள் போய்ச் சட்டி பானையோடு சண்டை பிடித்தேன்.

குளிர்காலம் வந்தது. ஒருநாள் காலை மழைத் தூறல். புல்வெளிப் பாதையில் போய்க்கொண்டிருந்தோம். அவர் வகுப்பில் ஒரு பையனைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டு வந்தவர் வசனத்தின் நடுவில் நின்றார். திரும்பிப் பார்த்தால் தலை நெஞ்சில் விழுந்திருக்கிறது. கார் சரளைக்கல்லில் இறங்கி வேலியை நோக்கிப் போகிறது. எனக்குத் தெரிந்த ஒரே விசை கைப்பிரேக்தான். இரண்டு கையாலும் அதை இழுத்தேன். கார் ஒரு சுற்றுச் சுற்றி, வேலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. ஆடுகள் ஓடின. நான் அவர் பெயரைச் சொல்லிக் கத்தினேன். சில விநாடியில் கண் திறந்தார். வெளிறிக் கிடந்த முகத்தில் இரத்தம் குப்பென்று ஏறியது.

"என்ன, ஏன் நிப்பாட்டினனான்?" என்றார்.

நடந்ததைச் சொன்னேன். காலையில் சாப்பிடவில்லை, அதுதான் என்றார். எனக்குப் பயம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். இனி இந்தக் காரில் ஏறமாட்டேன், நீங்களும் ஓட்டக் கூடாது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டு வாருங்கள் என்றேன். அவர் கடுகடுக்கவில்லை. மழையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "போறன்" என்றார். "எனக்கும் பயமாத்தான் கிடக்கு. இது முதல் தரம் இல்லை." அதன்பிறகு காரை ஓட்டவில்லை. இருவரும் ரயிலில் போய்வந்தோம்.

அன்றே தலைமை ஆசிரியரின் அறைக்குப் போனேன். காரில் நடந்ததையும், வகுப்பில் கண்டதையும், படியையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, ஓட்டக்காரர்களுக்கு இப்படி மயக்கம் வருவதுண்டு, கவலைப்படாதே என்று எனக்கே பாடம் நடத்தினார். நான் அசையாமல் நின்றபடியால் தன் கூட்டாளிக்குப் போன் போட்டார். கூட்டாளி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். என்ன சொன்னார் என்பது பிறகு தெரியவந்தது. பழைய ஓட்டக்காரர், பெயர் பெற்றவர், நாடி மெதுவாக இருப்பது இயல்பு, அவசரமில்லை, மனத்திருப்திக்காக ஒருமுறை பாருங்கள். ஆஸ்பத்திரி விடுமுறைக்குப் பிறகு ஒரு நாளைக் கொடுத்தது. கனடாக்காரருக்கு அது போதுமாக இருந்தது. இரண்டு டொக்டர்மார் அவசரமில்லை என்றால் யாருக்குத்தான் நிம்மதி வராது?

எனக்கு வரவில்லை. சனிக்கிழமை அவர் வீட்டுக்கு நடந்து போனேன். அவர் மனைவி, ஓடிய காலத்திலேயே அவரைக் கலியாணம் கட்டி நாடு நாடாகக் கூட வந்தவள், கொல்லையில் படுக்கை விரிப்புகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவர் வீட்டில் இல்லை. நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். கொடுத்த தேதியை முன்னுக்கு எடுக்கச் சொல்லி நீங்களே ஆஸ்பத்திரிக்குக் கதையுங்கள் என்றேன். அவள் அமைதியான பெண். கிளிப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "அவர் எப்பவும் அப்பிடித்தான். டொக்டர் சொன்னவர்தானே" என்றாள். பிறகு என்னை உள்ளே கூட்டிப்போய்த் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் தந்தாள். வேறு கதை கதைத்தோம். எழும்பி வரும்போது, எங்கள் மேல் இவ்வளவு அக்கறை எடுக்கிறீர்களே என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

விடுமுறைக்கு முந்திய வெள்ளிக்கிழமை. எங்களிடம் பயிற்சிக்கு ஒரு பெண் வந்திருந்தாள், ஆசிரியக் கல்லூரி மாணவி. பதினொரு மணித் தேநீருக்கு நான் பிந்தித்தான் போனேன். கதவருகில் வரும்போதே உள்ளே சிரிப்புச் சத்தம். அந்தப் பெண் கனடாக்காரரின் பக்கத்தில் குனிந்து நின்று மணிக்கட்டைப் பிடித்திருக்கிறாள். கண் மணிக்கூட்டில். எல்லாரும் கோப்பையோடு சுற்றி நிற்கிறார்கள்.

"எனக்குப் பிடிபடேல்லை" என்றாள் அவள்.

சிரிப்பு இன்னும் கூடியது. "பொறு, பொறு" என்றார் தலைமை ஆசிரியர். "அது ஆறுதலாத்தான் வரும். அவசரப்படுத்தக் கூடாது."

அவள் விரலை மாற்றி வைத்தாள். முகம் சிவந்துவிட்டது. "இப்பவும் ஒண்டும் இல்லை" என்றாள், ஏதோ தன்னுடைய கெட்டித்தனக் குறைவு போல. யாரோ, இவள் எண்ணி முடிக்க மணி அடித்துவிடும் என்றார். மறுபடி சிரிப்பு. நான் ஆட்களை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். அவர் முழங்கையை மேசையில் ஊன்றி, தலையைக் கையில் தாங்கி, திருத்துகிறவர் போலவே இருந்தார். சிவப்புப் பேனை தாளில் ஒரு நீளக் கோடு இழுத்துக்கொண்டு போய் நின்றிருந்தது. தோளைத் தொட்டேன். அப்படியே பக்கவாட்டில் சரிந்தார்.

உடற்பயிற்சி ஆசிரியர் நெஞ்சை அமுக்கினார். நான் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அம்புலன்ஸ் வந்தது. அந்தப் பயிற்சிப் பெண் சுவரோடு சாய்ந்து நின்று, தன் வலக்கையை இடக்கையால் பிடித்துக்கொண்டு, "நான் சொன்னனான்தானே, நான் சொன்னனான்தானே" என்று அழுதாள். தலைமை ஆசிரியர் கோப்பையைக் கீழே வைக்க மறந்து அதே இடத்தில் நின்றார். அவர் மேல் எனக்கு அந்த நேரம் இருந்தது வெறுப்புத்தான். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு இன்றைக்கும் மனமில்லை.

நான்தான் அம்புலன்ஸில் போனேன். ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டொக்டர் முடிந்துவிட்டது என்று சொல்ல வந்தார். நாடி முப்பத்தாறுதான் அடித்தது என்று நான் சொன்னதும், எவ்வளவு காலமாக இப்படி என்று கேட்டார். நான்கு வருடமாக எங்கள் பள்ளிக்கூடம் முழுவதற்கும் தெரியும் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒருவர்கூடக் கார்டியோகிராம் எடுக்கவில்லையா என்றார். ஓட்டக்காரர் என்றபடியால் எடுக்கவில்லை என்றேன்.

"எப்ப ஓடினவர்?"

சொன்னேன். அவர் அந்தப் போட்டியைக் கேள்விப்பட்டதுகூட இல்லை. அது நடந்தபோது குழந்தையாக இருந்திருப்பார். இதயத்துக்குள் ஓடும் மின்சாரம் தடைப்படுகிற நோய் இது, தோலுக்குக் கீழே ஒரு சின்னக் கருவியை வைத்தால் ஆள் எழும்பி நடப்பார் என்று எனக்கு விளக்கினார். கடைசியாகச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. "ஒரு பஸ் சாரதி இந்த நாடியோடை வந்திருந்தால் அண்டைக்கே மறிச்சு வைச்சிருப்பம்."

சவ அடக்கத்துக்கு ஓட்டக் கழகம் திரண்டு வந்திருந்தது. பேசியவர்கள் எல்லாரும் அந்த ஓட்டத்தைத்தான் பேசினார்கள். தலைமை ஆசிரியர், இளமையில் அளவுக்கு மீறி உழைத்த இதயம் என்றார். சுரங்கத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. இரசாயனத்தைப் பற்றிப் பேசத் தெரிந்த பிள்ளைகள் பின்வரிசையில் சீருடையோடு நின்றார்கள், அவர்களை யாரும் கூப்பிடவில்லை. பேச்சுகள் முடியுமுன் நான் எழும்பி வெளியே போய் மரத்தடியில் நின்றேன். அதற்குமேல் கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே வாயைத் திறந்திருப்பேன்.

கூட்டம் கலைந்தபின் அவர் மனைவி என்னைத் தேடி வந்தாள். கறுப்புக் கோட்டின் பொத்தானை மாறிப் பூட்டியிருந்தாள்.

"ஓடினபடியால்தான் இதயம் தேய்ஞ்சதெண்டு எல்லாரும் சொல்லினம்" என்றாள். "நீங்கள்தானே ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனது. அங்கை என்ன சொன்னவை?"

மழுப்பியிருக்கலாம். என் கணவர் பக்கத்தில் நின்று முழங்கையால் இடித்தார். ஆனால் அன்று காலையிலிருந்து பொய்யாகவே கேட்டுக் கேட்டு எனக்குக் குமட்டிவிட்டது.

"ஓட்டத்தாலை இல்லை. அது வேறை நோய். சின்ன ஒரு கருவி வைச்சிருக்கலாமாம்."

"வைச்சிருந்தால் இருந்திருப்பாரோ?"

"ஓம். இருந்திருப்பார்."

அவள் அழவில்லை. என் கையைப் பிடித்து, பழக்கப்பட்டவள் போல விரலை மணிக்கட்டில் நாடி ஓடும் இடத்தில் வைத்தாள். தான் வைத்தது அவளுக்குத் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது.

"ஒவ்வொரு நாள் காலமையும் அவர் எழும்ப முந்தி நான்தான் எண்ணிறனான்" என்றாள். "கலியாணம் கட்டின புதிசிலை ஐம்பது. பிறகு நாற்பது. ஓட்டத்தை விட்டபிறகு அதுக்கும் கீழை. குறையக் குறைய எனக்கு எவ்வளவு சந்தோஷம்."